கண்ணை மூடினாலும் தெரிந்த கோடு

என் மனைவிக்கு நான் ஏழு மூக்குக்கண்ணாடிகள் செய்து கொடுத்திருக்கிறேன். கண்ணாடிக் கடைக்காரன் மனைவிக்கு ஏழு கண்ணாடி இருப்பதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அவற்றில் ஆறு அவளுக்குத் தேவையே இல்லை என்பதுதான் அதிசயம். எல்லாம் அவளுடைய தலைவலிக்காகச் செய்தவை. ஒவ்வொன்றையும் அவள் மூக்கில் மாட்டிய நாளன்று, "இந்த முறை பிடித்துவிட்டேன்" என்று நாட்குறிப்பில் எழுதியும் வைத்திருக்கிறேன்.

நாட்குறிப்பு எழுதுவது என்னுடைய பழைய பழக்கம். தருமபுரியில் எந்தக் கிழமை மழை பெய்தது, வருடத்தின் முதல் மாம்பழம் எந்த நாளில் கடைவீதிக்கு வந்தது, எந்த ஊர் நடுகல்லை எந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன், நூலகத்தில் எடுத்த புத்தகத்தை எப்போது முடித்தேன் என்பதெல்லாம் அதில் இருக்கும். யாரும் என்னிடம் கேட்டு எழுதவில்லை. ஒரு நாள் எழுதாமல் விட்டால் அந்த நாளே நடக்காதது போல எனக்குத் தோன்றும்.

எங்கள் வீடு அதியமான்கோட்டையில். கடை தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறுவோம். நான் கடைக்குப் போவேன், அவள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போவாள். கல்லூரி நாட்களில் பாதியில் விட்ட படிப்பு அது. திருமணமாகிப் பல வருடம் கழித்து மறுபடி உட்கார்ந்து லோயர் தேர்வில் முதல் வகுப்பு வாங்கினாள். ஹையரும் தேறினால் அரசுத் தட்டச்சர் வேலைக்கு எழுதலாம். வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்றிரண்டு தடவை தவறினால் அந்தக் கதவு மூடிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

மாசி மாதம் அவள் முதல் முறையாக ஹையர் எழுதப் போனாள். ஸ்பீடு தேர்வுக்குப் பத்து நிமிடம். நாலாவது நிமிடத்தில் எழுந்து வெளியே வந்துவிட்டாள். பார்த்து அடிக்க வேண்டிய தாளில் நடுவில் எழுத்தே இல்லை என்றாள். கண் இருட்டிவிட்டது, பயம் என்று இன்ஸ்டிடியூட்டில் பேசிக்கொண்டார்கள். அன்று மாலை வரைக்கும் தலைவலியில் துடித்தாள். அவளுடைய அக்கா பார்க்க வந்து, "அந்த மெஷின் சத்தந்தான்டி உனக்கு ஆகல. வுட்டுத் தொலை. வூட்ல சோறு இல்லாமயா கெடக்க?" என்று சொல்லி, நெற்றியில் சுக்குப் பற்றும் போட்டுவிட்டுப் போனார்.

நான் என்ன செய்தேன்? ஏழாவது கண்ணாடியைச் செய்தேன். வெளிச்சம் கண்ணில் கூசாதபடி பூச்சு கொடுத்த லென்ஸ். இருப்பதிலேயே நல்லது.

ஆனி மாதம் அடுத்த தேர்வுக்கான விண்ணப்பம் வந்தது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். முந்தைய ஞாயிறு காலை அவள், "நான் போடலீங்க" என்றாள். "ஹால்ல மறுபடி எந்திரிச்சு வந்தா அந்த அவமானம் என்னால ஆவாது." விண்ணப்பத் தாளை மடித்து அரிசி டப்பாவுக்குக் கீழே வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிறு மதியம் பக்கத்து ஊர் ஏரிக்கரையில் ஒரு நடுகல்லைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவள் சமையலறை வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"உங்க புதுக் கண்ணாடியும் மின்ன ஆரம்பிச்சிருச்சுங்க."

"எங்க மின்னுது?"

"எடது பக்கமா. ஜிகுஜிகுன்னு. கீறல் விழுந்திருக்கும்."

கண்ணாடியைக் கழற்றி வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறலும் இல்லை. துணியால் துடைத்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் கண்ணாடி இல்லாமலே கையைக் கண்ணெதிரே ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?"

"இன்னும் மின்னுதுங்க."

"கண்ணாடிதான் எங்கிட்ட இருக்கே!"

"அதான் எனக்கும் புரியல."

"கண்ணை மூடு" என்றேன். மூடினாள்.

"இப்ப?"

"இப்பவும் தெரியுதுங்க."

ஏழு கண்ணாடி செய்தவன் நான். ஒரு தடவைகூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. லென்ஸில் கோளாறு என்றால் கழற்றியதும் போக வேண்டும். கண்ணை மூடிய பிறகும் ஒரு கோடு மின்னுகிறது என்றால் அதற்கும் என் கடைக்கும் சம்பந்தமே இல்லை! எனக்குப் பயம் கொஞ்சம், அதைவிட ஆவல் அதிகம்.

"வலது கண்ணை மட்டும் மூடு. எங்க தெரியுது?"

"எடது பக்கம்."

"இப்ப எடது கண்ணை மூடு."

"அதே எடம். அதே பக்கம்."

"ரெண்டுலயும் ஒரே பக்கமா?"

"ஆமாங்க. எதுக்கு இப்படிக் குதிக்கறீங்க? அவரைக்காய மிதிக்காதீங்க."

நான் நிஜமாகவே அவரைக்காயை மிதித்துக்கொண்டிருந்தேன். ஒரு கண்ணில் கோளாறு இருந்தால் அந்தக் கண்ணை மூடியதும் மறைய வேண்டும். இரண்டு கண்ணிலும் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால், கண்ணுக்கும் பின்னால், மூளை பார்வையை வாங்கிக்கொள்ளும் இடத்தில் அது நடக்கிறது. இதை எங்கோ படித்திருந்தேன். மைக்ரேன் வருவதற்கு முன்பு சிலருக்கு மின்னும் கோடுகள் தெரியும் என்று படித்த பக்கம்கூட நினைவிருந்தது, இடது பக்கத் தாளின் அடிப்பகுதி. படித்த புத்தகமும் என் வீடும் ஒரே உலகத்தில் இருக்கின்றன என்பது மட்டும் எனக்குத் தோன்றாமல் போயிருந்தது.

அவளுடைய தட்டச்சுத் தாள் ஒன்றையும் பென்சிலையும் கொடுத்து, தெரிவதை அப்படியே வரையச் சொன்னேன். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். ஆரம்பித்தபோது பார்வையின் நடுவுக்குப் பக்கத்தில் கடுகு அளவுக்கு இருந்ததாகச் சொன்னாள். இப்போது அது பிறை போல வளைந்திருந்தது. அதன் ஓரம் கோட்டை மதில் மாதிரி மடிந்து மடிந்து போனது. பிறையின் உள்பக்கம் ஒன்றுமே இல்லை. கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை.

"உங்க மூஞ்சியப் பாத்தா பாதி மீசை இல்லீங்க" என்றாள்.

"எந்தப் பாதி?"

"எந்தப் பாதி போனா என்ன, அழகாத்தான் இருக்கு."

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை புதிதாக வரைந்தாள். பிறை பெரிதாகிக்கொண்டே இடது ஓரத்தை நோக்கி நகர்ந்தது. பன்னிரண்டாவது நிமிடத்தில், "நடுவுல தெளிஞ்சிருச்சு, எழுத்து தெரியுது" என்றாள். இருபத்தைந்தாவது நிமிடத்தில் கோடு ஓரத்தைத் தாண்டி மறைந்துபோனது. நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "அருமை!" என்று கத்திவிட்டேன்.

அவள் என்னை முறைத்தாள். "இன்னும் அரை மணி நேரத்துல மண்ட பொளக்கும். உங்களுக்கு அருமையா?"

அவள் சொன்னது போலவே நடந்தது. வலது நெற்றிப்பொட்டில் தொடங்கி, கண்ணுக்குப் பின்னால் இறங்கி, துடிக்கத் தொடங்கியது. ஜன்னலைச் சாத்தினேன். பக்கத்து வீட்டில் தாளிக்கும் வாசனைக்குக்கூடக் குமட்டினாள். ஈரத் துண்டை நெற்றியில் கட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

இத்தனை நாளும் இதை ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். முதலில் கோடு வருவது பெரும்பாலும் பஸ்ஸிலோ இன்ஸ்டிடியூட்டிலோ. வீட்டுக்கு வந்து படுக்கும்போது வலி மட்டும்தான் மிச்சம். நான் கடையை மூடிவிட்டு வந்து, "தலைவலியா, கண்ணாடி போட்டியா?" என்று கேட்பேன். அவள் கண்ணாடியைப் பற்றி மட்டும் பதில் சொல்வாள். கடைக்காரன் கேட்ட கேள்விக்கு ஏற்ற பதில்.

அவள் படுத்திருந்தபோதே நாட்குறிப்புகளை எடுத்து முன்னறையில் பரப்பினேன். அவளுடைய தலைவலி நாட்களை நான் எழுதித்தான் வைத்திருந்தேன். ஆனால் எழுதியவன் படித்ததில்லை. இப்போது படித்தேன். முதலில் கண்ணில் பட்டது என்னுடைய முட்டாள்தனம். ஒவ்வொரு புதுக் கண்ணாடியையும் தலைவலி வந்து போன மறுநாள்தான் செய்திருக்கிறேன். அதற்குப் பிறகு இரண்டு, மூன்று வாரம் வலி இல்லை. கண்ணாடி வேலை செய்கிறது என்று எழுதியிருக்கிறேன். கண்ணாடி மாற்றாத மாதங்களிலும் அதே இரண்டு, மூன்று வார இடைவெளிதான் இருந்தது. அது தானாக வந்து தானாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. நடுவில் நான் ஒவ்வொரு லென்ஸாகத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்துக் கண்ணில் பட்டதுதான் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பியது. தலைவலிக்கு முந்தைய நாளின் பக்கங்கள். "இன்று காரணமில்லாமல் சிடுசிடுத்தாள்." "பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கொட்டாவி." "தேங்காய் பன் கேட்டாள், இரண்டு சாப்பிட்டாள்." "கழுத்து பிடித்துக்கொண்டது என்றாள்." மறுபடியும் சிடுசிடுப்பு, மறுபடியும் பன். தேய்ந்த நடுகல்லில் உச்சி வெயிலில் ஓர் எழுத்தும் தெரியாது. பொழுது சாய்ந்து பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது, வெறுங்கல் என்று நினைத்ததில் வரிவரியாக எழுத்து எழுந்து நிற்கும். அன்று மாலை என் பக்கங்கள் எனக்கு அப்படித்தான் எழுந்து நின்றன. வலி தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பே தலைவலி எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டிருந்தது!

இனிப்பு சாப்பிட்டதால் தலைவலி என்று அவளுடைய அக்கா சொல்வார். நான் சண்டை போட்டதால் தலைவலி என்று இவள் சொல்வாள். நாங்கள் எல்லோரும் தலைகீழாகப் படித்திருக்கிறோம். இனிப்பு கேட்பதும் எரிந்து விழுவதும் அந்தத் தலைவலியின் முதல் வரிகள்.

இருட்டுகிற நேரத்தில் அவள் எழுந்து வந்து, தரையெல்லாம் நோட்டுகளாகக் கிடப்பதைப் பார்த்தாள். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"கல்லுல இருக்கறதெல்லாம் தேடித்தேடிப் படிக்கறீங்க. பொண்டாட்டி மூஞ்சில இருக்கறதப் படிக்க இத்தன வருசமா?"

நான் கையில் இருந்த நோட்டை மூடி வைத்தேன்.

"சரி, அப்ப நான் கத்துனதுக்கெல்லாம் தலவலிதான் காரணம்னு எழுதிக்கோங்க."

"எல்லாத்துக்கும் இல்ல. நடுவுல தேதி ஒத்துப்போகாத சண்டையும் இருக்கு."

"அதெல்லாம் உங்களால" என்றாள். அன்று முதல் முறையாகச் சிரித்தாள்.

ஆனால் நான் கடைக்காரன், மருத்துவன் அல்ல. மின்னல் தெரிவதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதையும் அதே புத்தகத்தில் படித்திருந்தேன். புதன்கிழமை தருமபுரியில் ஒரு நரம்பு மருத்துவரிடம் போனோம். மருத்துவர் ஒரு பெண். என் மனைவியைத்தான் கேட்டார், ஆனால் நான் முந்திக்கொண்டு தேதிகளைச் சொல்லத் தொடங்கினேன்.

"ஐயா, தல வலிக்கிறது யாருக்குங்க?" என்றார் மருத்துவர்.

"அவங்களுக்கு."

"அப்ப அவங்க சொல்லட்டும்."

கை கால் மரத்துப்போகிறதா, பேச்சு குழறுகிறதா, வலி இடி விழுந்தது போல ஒரே நொடியில் வந்ததுண்டா என்றெல்லாம் கேட்டார். ரத்த அழுத்தம் பார்த்தார், கண்ணுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார், ஒரு கோட்டில் நடந்துகாட்டச் சொன்னார். அவள் வரைந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தபோது, தேர்வில் பக்கத்து மாணவனைவிட ஒரு மதிப்பெண் கூடுதலாக வாங்கியவன் போல இருந்தது எனக்கு.

"மைக்ரேன்தாங்க. இந்தக் கோடு அதுக்கு முன்னாடி வர்ற அறிகுறி."

"ஒத்தத் தலவலின்னா ஒரு பக்கந்தான வரணும்? எனக்குச் சில நாள் ரெண்டு பக்கமும் வருதுங்களே" என்றாள் மனைவி.

"ரெண்டு பக்கமும் வரலாங்க. வெளிச்சம் ஆகல, சத்தம் ஆகல, கொமட்டுது, நடந்தா அதிகமாவுது. இதெல்லாம் இருக்கில்ல?" என்றவர், மேசையில் இருந்த ஏழாவது கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். "இது எதுக்குங்க போட்டிருக்கீங்க?"

"இவரு கடைங்க" என்றாள்.

மருத்துவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். படிக்க முதல் கண்ணாடி ஒன்றே போதும் என்று பிறகு தெரிந்தது. காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாமல் சாப்பிடவும், ஞாயிறானாலும் ஒரே நேரத்தில் தூங்கி எழவும் சொன்னார். கோடு தெரிந்ததுமே போட்டுக்கொள்ள மாத்திரை எழுதினார். அதையும் மாதத்தில் சில நாளைக்கு மேல் போடக்கூடாது, அளவு மீறினால் மாத்திரையே தலைவலி கொடுக்கும் என்றார். கோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றாலோ, கை தளர்ந்தாலோ, இதுவரை வராத மாதிரி வந்தாலோ நேராக மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்.

"பரிச்ச அன்னிக்கு வந்தா?"

"வரலாம், வராமயும் இருக்கலாம். வந்தா என்ன ஆகும்னு இனிமே உங்களுக்குத் தெரியுமில்ல?"

வெள்ளிக்கிழமை காலை நான் பல் விளக்கிவிட்டு வரும்போது அரிசி டப்பாவுக்குக் கீழே தாள் இல்லை. மேசையில் உட்கார்ந்து அதை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

தேர்வு ஆவணி மாதத்து ஞாயிறன்று, ஒரு பாலிடெக்னிக்கில். முந்தைய நாள் மதியம் மூன்று மணிக்கு அவள் கொட்டாவி விட்டாள். நான் நிமிர்ந்தேன். மூன்றரைக்கு இன்னொன்று. நாலு மணிக்குக் கழுத்தைத் தடவிக்கொண்டே, "வெல்லம் எங்கீங்க வெச்சிருக்கு?" என்றாள்.

"வருது!" என்றேன்.

"எனக்குந்தான் தெரியுது. ஊரக் கூட்டாதீங்க."

எட்டரைக்கே சாப்பிட்டுப் படுத்தாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. காலையில் நாலு இட்லி சாப்பிட்டாள், இரண்டு இட்லியைப் பொட்டலம் கட்டிக்கொண்டாள். தேர்வு மையத்துக்குத் தட்டச்சு இயந்திரங்களை அந்தந்த இன்ஸ்டிடியூட்டுக்காரர்களே கொண்டுவர வேண்டும். குட்டியானை வண்டியிலிருந்து இயந்திரங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். புளியமரத்து நிழலில் பெண்களும் பையன்களும் தாங்கள் அடிக்கும் இயந்திரத்தைக் கட்டிப்பிடிக்காத குறையாக உட்கார்ந்திருந்தார்கள். இவளுடைய அணி மூன்றாவது. இரண்டாவது அணி முடித்து வெளியே வரும் நேரம்.

அவள் என் சட்டைக் கையைப் பிடித்தாள். "கடுகு வந்திருச்சுங்க."

கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் கை பைக்குள் போய் மாத்திரையை எடுத்தது. அரை இட்லியோடு விழுங்கினாள், தண்ணீர் குடித்தாள். இன்ஸ்டிடியூட் மேடம் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "என்னம்மா, மறுபடியுமா? வேணாம்மா, அடுத்த தடவ எழுதிக்கலாம். ஹால்ல விழுந்து கிழுந்து வெச்சிராத."

"விழமாட்டேங்க மேடம். பன்னெண்டு நிமிசத்துல நடுவுல தெளிஞ்சிரும்."

"என்னது தெளியும்?"

"அதுக்கப்புறம் எடது ஓரத்துலதான் நிக்கும். அது நிக்கட்டும். வலி வர்றதுக்கு முன்னால ஸ்பீடு முடிஞ்சிரும். ரெண்டாவது பேப்பர பல்லக் கடிச்சுக்கிட்டு அடிச்சிருவேன்."

மேடம் என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்து, "மூணாவது நிமிசம்" என்றேன். என்னைப் பைத்தியம் என்று முடிவு செய்திருப்பார். அவள் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பு ஒன்றைப் பார்த்தபடி நின்றாள். எழுத்து வருகிறதா என்று அதில் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் புரிந்தது. ஏழாவது நிமிடத்தில் தலையை ஆட்டினாள், இல்லை. ஒன்பதில் இல்லை. பத்தாவது நிமிடத்தில் மூன்றாவது அணியைக் கூப்பிட்டார்கள். அவள் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனவர்களுக்குப் பின்னால் நடந்தாள். வாசற்படி ஏறும்போது ஒரு நொடி நின்று திரும்பி அந்த அறிவிப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள்.

மணி அடித்தது. இருபது, முப்பது இயந்திரங்கள் ஒரே நேரத்தில் தகரக்கூரை மேல் ஆலங்கட்டி விழுவது போலப் பேசத் தொடங்கின. அந்தச் சத்தத்தில் அவளுடையது எது என்று பிரித்துக் கேட்கப் பார்த்தேன், முடியவில்லை. கதவையே பார்த்தேன். நாலாவது நிமிடம் வந்தது. கதவு திறக்கவில்லை. ஐந்து, ஆறு. மேடம் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். பத்தாவது நிமிடம் மணி அடித்துச் சத்தம் ஒரேயடியாக நின்றபோது, அவர் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

இரண்டாவது பேப்பருக்கு ஒரு மணி நேரம். அது முடிந்து கடைசிக்கு முந்திய ஆளாக வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. வலது கண் பாதி மூடியிருந்தது. விரல் நுனிகளில் ரிப்பன் மை.

"ஸ்பீடுல கடைசி வரி வரைக்கும் அடிச்சிட்டங்க" என்றாள். "ரெண்டு எடத்துல தப்பு. மூணாவும் இருக்கும். லெட்டர்ல மார்ஜின் கொஞ்சம் ஓடிருச்சு."

"கோடு எப்பப் போச்சு? வலி எத்தன மணிக்கு..."

"ஆட்டோ புடிங்க, வாந்தி வருது."

முடிவு பல வாரம் கழித்து வந்தது: இரண்டாம் வகுப்பில் தேர்ச்சி. மாத்திரை வலியை முழுக்கத் தடுக்கவில்லை, பாதியாக்கியது. அதெல்லாம் பிறகு. அன்று ஆட்டோவில் அவள் முந்தானையை முகத்தின் மேல் போட்டுக்கொண்டு என் தோளில் சாய்ந்திருந்தாள். எனக்கோ கேட்பதற்கு நூறு கேள்வி இருந்தது. வாயைத் திறந்தேன்.

முந்தானைக்குள்ளிருந்து, "பேசாதீங்க" என்றாள். "அடிச்சிட்டேன்ல."

அதியமான்கோட்டை வரும் வரைக்கும் நான் பேசவில்லை. ஆட்டோக்காரரிடம் பாட்டை மட்டும் நிறுத்தச் சொன்னேன்.